தலை சுற்றினால் காது டாக்டரிடம் எதற்குப் போக வேண்டும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். அம்மாவுக்கு 62 வயது. ஒரு வாரமாகக் காலையில் படுக்கையை விட்டு எழும்போது வீடே சுற்றுகிறது, புரண்டு படுத்தாலும் சுற்றுகிறது. பிரஷர், சுகர் எல்லாம் சரியாக இருக்கிறது. குடும்ப டாக்டர் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தலைசுற்றலுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம், அழுக்கு எடுப்பதும் டான்சில் வெட்டுவதும் தவிர இவர்கள் வேறு என்னதான் பார்ப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இந்தத் துறையில் 20 வருஷத்துக்கு மேலாக இருக்கிறேன், பெரும்பாலும் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து ஜனங்களைப் பார்த்து வருகிறேன். நீங்கள் சொல்கிற மாதிரி தலைசுற்றலோடு வருகிறவர்கள் எங்கள் ஓபியில் வாரத்துக்கு நாலைந்து பேராவது இருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் அதற்குள் மூளை ஸ்கேன் எடுத்து, கழுத்து எலும்பு தேய்மானம் என்று கழுத்துப்பட்டை போட்டு, மூன்று மாதம் தலைசுற்றல் மாத்திரை சாப்பிட்டு முடித்திருப்பார்கள். உங்கள் டாக்டர் ஒரே வாரத்தில் சரியான இடத்துக்கு அனுப்பியிருக்கிறார், அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

காதின் உள்பகுதி கேட்பதற்கு மட்டும் அமைந்தது கிடையாது. நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு பகுதி கேட்கும் வேலையைப் பார்க்கிறது. அதை ஒட்டியே அரைவட்டமாக மூன்று குழாய்கள், உள்ளே திரவம். தலையை எந்தப் பக்கம் அசைத்தாலும் அந்தத் திரவம் நகரும், அந்த நகர்வு நரம்பு வழியாக மூளைக்குப் போகும், நாம் நிமிர்ந்து நிற்பது அதை வைத்துத்தான். குழாய்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பையில் சுண்ணாம்புச் சத்தாலான மிக நுண்ணிய துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். வயதாகும்போதோ, தலையில் அடிபட்டாலோ, சில சமயம் ஒரு காரணமும் இல்லாமலோ, அந்தத் துகள்கள் உதிர்ந்து குழாய்க்குள் போய்விடும். அப்புறம் படுக்கும்போது, எழும்போது, பரணில் இருக்கும் டப்பாவை அண்ணாந்து பார்க்கும்போது துகள் உருளும், திரவத்தைத் தள்ளும், தலை அசைவு நின்ற பிறகும் இன்னும் சுற்றுகிறது என்று காது பொய்யான தகவல் அனுப்பும். சுற்றல் ஒரு நிமிஷத்துக்குள் அடங்கிவிடும், ஆனால் அந்த ஒரு நிமிஷம் உயிரே போகிற மாதிரி இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு பெஞ்சும் இரண்டு கையும் போதும். போன மாதம் ஒரு அம்மாள் வந்தார், கிட்டத்தட்ட உங்கள் அம்மா வயது. மகன் கையை விடவே இல்லை. பெஞ்சில் காலை நீட்டி உட்காரவைத்து, முகத்தை வலப்பக்கம் பாதி திருப்பி, தலை விளிம்புக்குச் சற்றுக் கீழே தொங்கும்படி சட்டென்று படுக்க வைத்தேன். கண்ணை மூடாதீர்கள் என்று சொன்னேன். மூன்று, நாலு விநாடி ஒன்றுமில்லை. அப்புறம் இரண்டு கருவிழியும் பம்பரம் சாய்ந்து சுற்றுகிற மாதிரி சுழன்று துடிக்க ஆரம்பித்தன, அந்த அம்மாள் என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வலது காதின் பின்புறக் குழாய் என்று தெரிந்துவிட்டது. துடிப்பு அடங்கியதும் தலையை மெதுவாக இடப்பக்கம் திருப்பினேன், அரை நிமிஷத்துக்கு மேல் அப்படியே பிடித்திருந்தேன், பிறகு இடப்பக்கமாக ஒருக்களித்து முகம் தரையைப் பார்க்கும்படி புரளச் சொன்னேன், கடைசியில் எழுப்பி உட்கார வைத்தேன். குழாய்க்குள் போன துகளை, வந்த வழியே உருட்டிப் பைக்குள் திரும்பச் சேர்க்கிற வித்தை இது. ஜான் எப்லி என்ற அமெரிக்க டாக்டர் கண்டுபிடித்ததால் எப்லி முறை என்று பெயர். பத்து நிமிஷம் கழித்து மறுபடி படுக்க வைத்துப் பார்த்தால் சுற்றல் இல்லை. சிலருக்கு இரண்டு, மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும், சில மாதம் கழித்து திரும்ப வரவும் வரும், வந்தால் மறுபடி செய்துகொள்ளலாம்.

ஆனால் வீடியோ பார்த்து நீங்களே செய்யாதீர்கள். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் உருட்டினால் துகள் வேறு குழாய்க்குள் போய்விடலாம். அதைவிட முக்கியம், எல்லாத் தலைசுற்றலும் இது கிடையாது. பேச்சு குழறினால், உருவம் இரண்டிரண்டாகத் தெரிந்தால், ஒரு பக்கம் கை கால் மரத்தால், பிடித்துக்கொண்டும் நடக்க முடியாவிட்டால், அது மூளையில் ரத்த ஓட்டக் கோளாறாக இருக்கலாம், நேரே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சுற்றலோடு காதடைப்பும் இரைச்சலும் சேர்ந்து மணிக்கணக்கில் நீடித்தால் அது வேறு நோய், அதற்கு வைத்தியமும் வேறு.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன், இந்த மூன்று உறுப்பையும் ஏன் ஒரே டாக்டர் பார்க்கிறார்? உள்ளே மூன்றும் ஒன்றுக்கொன்று திறந்திருக்கும் அறைகள், அதனால்தான். கொடைக்கானல் பஸ்ஸில் ஏறும்போது காது அடைக்கிறது, எச்சில் விழுங்கினால் டப்பென்று திறக்கிறது இல்லையா? விழுங்குவது தொண்டை, திறப்பது காது. மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது, விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து காதுக்குள் காற்றை அனுப்பும். எனவே மூக்கில் தொடங்கும் கோளாறு காதில் வலியாகத் தெரியும், தொண்டையில் இருக்கும் கட்டியும் நரம்பு வழியாகக் காது வலியாகத் தெரியும். காதைக் காட்ட வந்தால் இவர் எதற்கு மூக்கிலும் வாயிலும் டார்ச் அடிக்கிறார் என்று சிலர் கோபப்படுவார்கள். அதைப் பார்க்காமல் அனுப்புகிற டாக்டரிடம்தான் கோபப்பட வேண்டும்.

குழந்தைகளுக்கு இந்தக் குழாய் சின்னது, சரிவில்லாமல் படுக்கையாக இருக்கும். அதன் வாசலிலேயே, மூக்குக்குப் பின்னால், அடினாய்டு என்ற சதை இருக்கிறது. அது வீங்கினால் குழாய் அடைபடும், நடுக்காதில் காற்றுக்குப் பதிலாகப் பசை மாதிரி நீர் கோத்துக்கொள்ளும். வலி இருக்காது, சீழ் வராது, காய்ச்சல் இருக்காது. குழந்தைக்குக் கொஞ்சம் கேட்காது, அவ்வளவுதான். டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பான், கூப்பிட்டால் திரும்ப மாட்டான், டிக்டேஷனில் தப்பாக எழுதுவான், வாயைத் திறந்துகொண்டு தூங்குவான், குறட்டை விடுவான். கவனம் இல்லை, திமிர் என்று டீச்சரிடமும் அப்பாவிடமும் அடி வாங்கிவிட்டு என்னிடம் வந்த குழந்தைகள் எத்தனையோ. பெரும்பாலும் மூன்று மாதத்தில் தானாக வடிந்துவிடும், அதனால் அவசரப்பட மாட்டோம். வடியாமல் கேட்கும் திறன் குறைந்தே இருந்தால் அடினாய்டை எடுத்துவிட்டு, காது ஜவ்வில் மணி அளவுக்கு ஒரு சின்னக் குழாயைப் பொருத்திவிடுவோம். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகும்போது ஒரு பையன் வாசலில் நின்றுகொண்டு, “ஏம்மா எல்லாரும் கத்துறாங்க?” என்று கேட்டான். அதுவரை அவனுக்கு உலகம் அத்தனை மெதுவாகத்தான் பேசிக்கொண்டிருந்தது.

காது அழுக்கைப் பற்றி நீங்களே குறிப்பிட்டதால் சொல்கிறேன். குறும்பி என்பது அழுக்கே கிடையாது. காதுத் தோலைக் காப்பதற்கு உடம்பு சுரக்கும் மெழுகு. காதுக்குள் இருக்கும் தோல் உள்ளிருந்து வெளியே நோக்கித் தானாக நகரும், குறும்பியையும் கொண்டுவந்து வெளியே தள்ளிவிடும். பட்ஸ் போட்டால் வெளியே வந்ததை மறுபடி உள்ளே இடித்து வைக்கிறோம். ஹேர்பின், சேஃப்டி பின், கோழி இறகு, வண்டிச் சாவி எல்லாம் போட்டுக் குடைந்து, பின்னால் யாரோ இடித்ததில் ஜவ்வு கிழிந்து வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் இன்னொரு தொல்லை. சூட்டோடு ஊற்றினால் தோல் வெந்துபோகும், ஜவ்வில் ஓட்டை இருந்தால் நடுக்காதுக்கே போய்ச் சேரும். ஈரமும் எண்ணெயும் சேர்ந்தால் பூஞ்சை பிடிக்கும், உள்ளே பார்த்தால் நனைந்த செய்தித்தாளைக் கசக்கி வைத்த மாதிரி, நடுவில் கறுப்புப் புள்ளிகளோடு இருக்கும். அரிப்பு தாங்காமல் மறுபடி குடைவார்கள். எண்ணெய்க்கு ஒரே ஒரு நல்ல சமயம் உண்டு: ராத்திரியில் எறும்போ பூச்சியோ காதுக்குள் போய் உயிரோடு துடிக்கிறது என்றால், ஏற்கெனவே சீழ் வடிகிற காதாக இல்லாத பட்சத்தில், சூடு செய்யாத தேங்காய் எண்ணெய் நாலு சொட்டு விடுங்கள், பூச்சி செத்துவிடும், காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம். குழந்தை காதில் பயறோ மொச்சையோ போட்டிருந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஊறிப் பெருத்து இறுகிவிடும்.

சீழ் வடிகிற காதை நம் ஊரில் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் என்பார்கள். இதில் இரண்டு விதம். சளி பிடித்தால், குளத்தில் குளித்தால் கொஞ்ச நாள் வடிந்து நிற்பது ஒன்று. ஜவ்வில் ஓட்டை இருக்கும், காதுக்கு மேலே தலைப்பக்கத்துத் தசையை மூடியிருக்கும் மெல்லிய உறையில் ஒரு துண்டை எடுத்து அந்த ஓட்டையை அடைத்துவிடுவோம். மற்றது, அளவு குறைவாக, எப்போதும், கெட்ட நாற்றத்தோடு வடிவது. அங்கே தோல் உள்நோக்கி வளர்ந்து பை மாதிரி உருண்டு, சுற்றியிருக்கும் எலும்பை அரித்துக்கொண்டே போகும். நடுக்காதுக்கு மேலே மூளை, பின்னால் பெரிய ரத்தநாளம், நடுவில் முகத்தை அசைக்கும் நரம்பு. அதனால்தான் நாற்றமுள்ள காதோடு வருகிறவரிடம் முகம் கோணுகிறதா, தலை வலிக்கிறதா, வாந்தி உண்டா என்று விடாமல் கேட்போம். இதற்குச் சொட்டு மருந்து போதாது, காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து அந்தப் பையை முழுசாக எடுக்க வேண்டும். மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் செய்கிற வேலை.

கேட்கும் திறனைச் சோதிப்பதற்கு முதலில் ஒரு இசைக்கவைதான். ஒரு விநாடிக்கு 512 தடவை அதிர்கிற கவையைத் தட்டி, காது ஓரமும் காதுக்குப் பின்னால் எலும்பிலும் நெற்றி நடுவிலும் வைத்துக் கேட்போம். கோளாறு ஒலியைக் கடத்தும் வழியிலா, நரம்பிலா என்று இரண்டு நிமிஷத்தில் ஓரளவு பிடிபட்டுவிடும். வழியில் என்றால் பெரும்பாலும் சரிசெய்யலாம். நடுக்காதில் அங்கவடி எலும்பு என்று ஒன்று, உடம்பிலேயே சின்ன எலும்பு, 3 மில்லிமீட்டர் சுமார் உயரம். அது அசையாமல் இறுகிப் போகிற ஒரு நோய் பெண்களுக்கு அதிகம், பிரசவத்துக்குப் பிறகு கேட்பது குறைந்துவிட்டது என்று வருவார்கள். அந்த எலும்பின் இடத்தில் ஒரு குட்டிப் பிஸ்டனைப் பொருத்துவோம். மரத்துப்போக வைத்துத்தான் செய்வது, நோயாளி விழித்திருப்பார், மேஜையில் படுத்தபடியே ‘கேட்கிறது டாக்டர்’ என்று அவர் சொல்கிற நொடி எத்தனை வருஷம் ஆனாலும் பழகாது.

நரம்பில் கோளாறு என்றால் கதை வேறு. பள்ளிபாளையம், குமாரபாளையம் மாதிரி விசைத்தறி ஊர்களில் கூடத்துக்குள் நின்று பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. 85 டெசிபலுக்கு மேல் தினமும் 8 மணி நேரம் வருஷக்கணக்கில் கேட்டால் உள்காதின் மயிரிழை செல்கள் செத்துப்போகும், போனது முளைக்காது. பரிசோதனைக் கோடு 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளமாக விழுந்திருக்கும், அதைப் பார்த்ததுமே தறி வேலையா என்று கேட்டுவிடலாம். அப்புறம் இன்னொன்று, இதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள்: நேற்று நன்றாகக் கேட்ட காது இன்று காலை எழுந்தால் கேட்கவில்லை, கூடவே இரைச்சல் என்றால், சளி அடைப்பு என்று பத்து நாள் காத்திருக்கக் கூடாது. நரம்பு திடீரென்று செயலிழந்திருக்கலாம். ஸ்டீராய்டு சீக்கிரம் தொடங்கினால் கேட்பது திரும்ப வர வாய்ப்புண்டு, இரண்டு வாரம் தாண்டினால் அந்த வாய்ப்பு மளமளவென்று குறைந்துவிடும். ஒரு மாதம் எண்ணெய் விட்டுப் பார்த்துவிட்டு வந்தவர்களிடம், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்வது எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பிறவியிலேயே கேட்காத குழந்தைகள் நம் பக்கம் கணிசம், சொந்தத்தில் கல்யாணம் செய்வதும் ஒரு காரணம். குழந்தை பிறந்த ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் வைத்தியம் தொடங்குதல் என்பதுதான் கணக்கு. தூங்குகிற குழந்தையின் காதில் ஒரு சின்ன முனையைச் செருகினால் போதும், சில நிமிஷத்தில் முடிந்துவிடும், ஊசியும் இல்லை வலியும் இல்லை. காது கேட்கும் கருவி போதாத குழந்தைகளுக்கு, கேட்கும் நரம்பை நேரடியாகத் தூண்டுகிற காக்ளியர் கருவியை அறுவை செய்து பொருத்துவோம். பல லட்ச ரூபாய் ஆகும் இந்தச் சிகிச்சை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட தகுதியுள்ள குழந்தைகளுக்கு இலவசம். கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் இதனால் பேசிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். ‘அப்பா கூட லேட்டாகத்தான் பேசினார், இவனும் பேசிடுவான்’ என்று பாட்டிமார் சொல்வதைக் கேட்டுக்கொண்டு அஞ்சு வயசு வரை காத்திருந்தால், கருவி வைத்தாலும் மொழி அந்த அளவுக்கு ஏறாது. மொழியைப் பிடித்துக்கொள்கிற வயது அதற்குள் கடந்துவிடுகிறது.

மூக்குக்கு வருவோம். எலும்பு வளைந்திருக்கிறது, சதை வளர்ந்திருக்கிறது என்று யாரோ சொல்லிப் பயந்து வருகிறவர்கள்தான் அதிகம். நடு எலும்பு கொஞ்சம் வளைந்திருப்பது முக்கால்வாசிப் பேருக்கு உண்டு, தொந்தரவு இல்லையென்றால் தொட வேண்டாம். ‘சதை’ என்று சொல்லப்படுவதும் பல சமயம் எல்லோருக்கும் இருக்கிற, காற்றை ஈரப்படுத்துகிற மடிப்புதான், ஒவ்வாமையில் வீங்கியிருக்கும். காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், தண்ணியாக ஒழுகுவது, கண் அரிப்பு என்றால் அது ஒவ்வாமை, தலையணையிலும் மெத்தையிலும் இருக்கும் தூசிப் பூச்சி பெரிய காரணம். இதற்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரே தருவோம். அடித்த அன்றே பலன் தெரியாது, தினமும் அடித்தால் ஒரு வாரம், பத்து நாளில் தெரியும், முனையை நடு எலும்பை நோக்கி வைக்காமல் காதுப் பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்குகிற அடைப்பு நீக்கும் சொட்டு, சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் வகையறா, வேறு சங்கதி. விட்டதும் மூக்கு திறந்துகொள்ளும், அருமையாக இருக்கும். ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் மருந்து இறங்கியதும் முன்னைவிட மோசமாக அடைக்கும், மறுபடி விட வேண்டும். பத்து வருஷமாகச் சட்டைப்பையில் அந்தப் பாட்டிலோடு திரிந்த ஒரு டிரைவருக்கு அதை நிறுத்தவைக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

தலைவலி எல்லாம் சைனஸ் இல்லை, பலருக்கு அது ஒற்றைத் தலைவலி. கெட்டியான சளி, வாசனை தெரியாமை, மூக்கடைப்பு மாதக்கணக்கில் இருந்து மருந்துக்கும் கேட்காவிட்டால், ஸ்கேன் எடுத்துப் பார்த்து மூக்கு வழியாகவே எண்டோஸ்கோப் விட்டு அடைப்பைத் திறப்போம், முகத்தில் தழும்பு இருக்காது. இந்த எண்டோஸ்கோப் கைவந்ததுதான் 2021-இல் பெரிய உதவியாக இருந்தது. கொரோனா இரண்டாம் அலையில் சர்க்கரை கட்டுக்கடங்காமல், ஸ்டீராய்டும் போட்டுக்கொண்டவர்களுக்குக் கரும்பூஞ்சை வந்தது. மூக்கில் தொடங்கி கண்ணுக்கும் மூளைக்கும் போகும், நாள் கணக்குகூட இல்லை, மணிக் கணக்கு. அந்த மே, ஜூன் மாதங்களில் நாங்கள் செத்துப்போன திசுவைச் சுரண்டி எடுத்துக்கொண்டே இருந்தோம், ஆம்போடெரிசின் மருந்துக்கு எங்கும் தட்டுப்பாடு. சிலரைக் காப்பாற்ற ஒரு கண்ணை எடுக்கவேண்டி வந்தது.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு மூக்கு நோயையும் சொல்ல வேண்டும். மாடுகளைக் குளிப்பாட்டுகிற கண்மாயிலும் ஊருணியிலும் முங்கிக் குளிக்கிற பையன்களுக்கு, ஒரு பக்க மூக்கில் சதை வளர்ந்து அடிக்கடி ரத்தம் வரும். விளக்கை அடித்துப் பார்த்தால் ஸ்ட்ராபெர்ரி பழம் மாதிரிச் சிவந்து, மேலே வெள்ளை வெள்ளையாகப் பொடிப் புள்ளிகள். ரைனோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிரி. 1900-இல் கில்லெர்மோ சீபர் என்பவர் அர்ஜென்டினாவில் முதலில் விவரித்தார், ஆனால் இது மிகுதியாக இருப்பது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்தான். வெட்டி எடுத்து வேரைச் சுட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வளரும், சுட்டாலும் சிலருக்கு வரும். வெளியூர் டாக்டர்கள் படத்தில் மட்டும் பார்ப்பதை எங்கள் ஊர் செவிலியர் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்.

சில்லுமூக்கு உடைந்தால் தலையை அண்ணாந்து வைக்காதீர்கள், ரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்தி வரும். உட்கார்ந்து, முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான கீழ்ப்பகுதியை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்து, வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு, பத்து நிமிஷம் விடாமல் பிடியுங்கள். நடுவில் நின்றுவிட்டதா என்று திறந்து பார்க்கக் கூடாது.

தொண்டை என்றதும் டான்சில் என்கிறீர்கள். முன்பெல்லாம் பெரிதாக இருந்தாலே எடுத்துவிடுவார்கள், இப்போது அப்படி இல்லை. ஒரு வருஷத்தில் ஏழு தடவை, அல்லது இரண்டு வருஷம் தொடர்ந்து ஐந்தைந்து தடவை, அல்லது மூன்று வருஷம் மும்மூன்று தடவை காய்ச்சலோடு வீங்கினால் யோசிப்போம், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தாலும் எடுப்போம். கழுத்துக்கு வெளியே சுண்ணாம்பும் தேனும் தடவுவதால் டான்சில் குறையாது, தோல்தான் வெந்துபோகும்.

குரலைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. குரல் நாண்களை உயிருள்ள மனிதரில் முதலில் தெளிவாகப் பார்த்து எழுதியவர் டாக்டரே இல்லை, மனுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார். 1854-இல் கண்ணாடித் துண்டுகளை வைத்துக்கொண்டு வெயில் வெளிச்சத்தில் தன் தொண்டையையே பார்த்தார். இப்போது மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டு, டிவி திரையில் நாண்கள் அதிர்வதை உங்களுக்கே காட்டுவோம். டீச்சர், பாடகர், பஸ் ஸ்டாண்டில் கூவி விற்கிறவர் இவர்களுக்கு நாணில் காய்ப்பு மாதிரி முடிச்சு விழும், பேச்சுப் பயிற்சியிலேயே பெரும்பாலும் கரைந்துவிடும். ஆனால் பீடி, சிகரெட், புகையிலை பழக்கம் உள்ளவருக்குக் குரல் கம்மி மூன்று வாரத்துக்கு மேல் போனால், இருமல் மருந்து வாங்கிக்கொண்டிருக்காமல் நாணைப் பார்த்தே ஆக வேண்டும். நாணில் வரும் புற்று ஆரம்பத்திலேயே குரலை மாற்றிக் காட்டிக்கொடுத்துவிடும், அந்தக் கட்டத்தில் வந்தால் கதிர்வீச்சிலோ லேசரிலோ பெரும்பாலானவர்கள் முழுசாகக் குணமாகிவிடுகிறார்கள், குரலும் தங்கும். ஆறு மாதம் கழித்து மூச்சுத் திணறலோடு வந்தால் குரல்வளையையே எடுக்க வேண்டியிருக்கும். ஒரு பெரியவர் வலது காது வலி என்று வந்தார், இரண்டு இடத்தில் காதுக்குச் சொட்டு மருந்து கொடுத்திருந்தார்கள். காது பளிச்சென்று சுத்தமாக இருந்தது. நாக்கை நீட்டச் சொல்லி, கையுறை போட்டு அடிநாக்கைத் தடவினேன், கல் மாதிரி ஒரு கட்டி தட்டுப்பட்டது. அடிநாக்குக்கும் காதுக்கும் ஒரே நரம்பு கிளை விடுகிறது, அதனால் வலி காதில் தெரிந்திருக்கிறது. வெற்றிலையில் புகையிலை வைத்துப் போடுகிறவர்கள், பாக்குப் பொட்டலம் மெல்லுகிறவர்கள் வாயைத் திறந்து மூன்று விரலைச் செங்குத்தாக நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் உள்கன்னம் இறுகிக்கொண்டு வருகிறது, உடனே வந்து காட்டுங்கள்.

விழுங்கியதை எடுப்பதும் எங்கள் வேலைதான். பிலடெல்ஃபியாவில் செவாலியர் ஜாக்சன் என்ற டாக்டர் தன் வாழ்நாளில் ஜனங்களின் தொண்டையிலிருந்தும் மூச்சுக்குழாயிலிருந்தும் எடுத்த 2,374 பொருட்களை அங்கே ஒரு அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள், ஊக்கு, காசு, பட்டன், எலும்பு எல்லாம் உண்டு. நம் ஊரில் காசும் மீன் முள்ளும் நிலக்கடலையும். முள் குத்தினால் சோற்று உருண்டையை விழுங்கி இன்னும் ஆழமாகத் தள்ளாதீர்கள். கடலை சாப்பிட்டுக்கொண்டே ஓடிய குழந்தை திடீரென்று புரையேறி இருமி, அப்புறம் சரியாகிவிட்ட மாதிரி இருந்து, சில நாளாக ஒரு பக்கம் மட்டும் விசில் அடிப்பது போல மூச்சு விட்டால், தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், கடலை மூச்சுக்குழாயில் இருக்கிறது. எல்லாவற்றையும்விட மோசம், பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கிற வட்ட பேட்டரி. உணவுக்குழாயில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை எரித்துப் புண்ணாக்கிவிடும், மூக்கில் போட்டாலும் நடுச்சுவரைத் துளைத்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகமே போதும், உடனே எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். குழந்தைக்கு ஒரு வயதுக்கு மேல் ஆகி, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருந்தால், வழியில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஆறு தடவை வரை. தேனுக்காகக் கடை தேடி நிற்க வேண்டாம்.

கழுத்துக் கட்டி, தைராய்டு, எச்சில் சுரப்பியில் கல், கண்டமாலை என்று பழைய ஆட்கள் சொல்கிற காசநோய்க் கட்டி, முகவாதம் இதெல்லாமும் எங்களிடம் வரும். முகம் ஒரு பக்கம் கோணினால் 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்குவது நல்லது என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

இனி உங்கள் அம்மா. எம்பிபிஎஸ் முடித்து மூன்று வருஷம் எம்எஸ் படித்தவரோ, டிஎல்ஓ என்ற இரண்டு வருஷப் பட்டயம் படித்தவரோ யாராக இருந்தாலும் போதும், அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றிலும் இந்தத் துறை இருக்கிறது. காலையில் போங்கள், வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், பெஞ்சில் படுக்க வைக்கும்போது சிலருக்கு வாந்தி வரும். போவதற்கு முன் தலைசுற்றல் மாத்திரை போட்டுக்கொண்டால் கண் துடிப்பு மறைந்து கண்டுபிடிப்பது கஷ்டமாகும், அதனால் அன்று காலை அதை மட்டும் போடாமல் கொண்டுபோங்கள். பிரஷர், சுகர் மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். கழுத்தில் வலியோ எலும்பு தேய்மானமோ இருந்தால் படுக்க வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் அதிகமாகச் சுற்றுகிறது, எத்தனை நேரம் இருக்கிறது, கூடக் காதடைப்பு உண்டா என்று அம்மாவிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு போங்கள். அதுவரை ராத்திரி பாத்ரூம் போக எழும்போது இரண்டு நிமிஷம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டு, யாராவது கையைப் பிடித்துக்கொண்டு போகட்டும். அந்த வயதில் சுற்றலைவிட, சுற்றி விழுந்து இடுப்பு எலும்பு முறிவதைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். பார்த்துவிட்டு வந்து எந்தக் காது என்று எழுதுங்கள்.